சபோடாஜ் என்கிறார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் யாரும் நலமில்லை. நீங்களாவது நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அந்த மட்டும் சந்தோஷம். புது ஊர், அதே கம்பெனியின் புதுக் கிளை, மேற்பார்வையாளர் வேலை. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கூடப்பிறந்த தம்பிபோல வாரம் தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர், "அண்ணி, இன்னைக்கு உப்பு தூக்கல்" என்று அதிகாரம் செய்தவர், நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஊரைவிட்டுக் கிளம்பினால் மனசு என்ன பாடுபடும்? போன் செய்தால் எடுப்பதில்லை. போன கடிதத்துக்கும் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வெட்கம், மானம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் அண்ணன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார். ஜாமீன் மறுபடியும் கிடைக்கவில்லை.

போலீஸ்காரர் வந்து அழைத்துப் போன அன்று என்ன கேஸ் என்று கேட்டேன். "சபோடாஜ் கேஸும்மா" என்றார். அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. நான் வேலை பார்க்கும் தையல் கடை முதலாளியம்மாவிடம் கேட்டால், ஏதோ குண்டு வைக்கிற விஷயம்போல என்று சொல்லிவிட்டு, என்னிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். என் மகள்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். சண்டைக் காலத்தில் எதிரியின் பாலத்தை உடைப்பார்களாம், தண்டவாளத்தைக் கழற்றுவார்களாம், முதலாளிமேல் உள்ள ஆத்திரத்தில் மெஷினைக் கெடுப்பார்களாம், அதற்கெல்லாம் இந்தப் பெயராம். தமிழில் நாசவேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒருத்தர் கையைக் காப்பாத்துறதுக்காக மெஷினை உடைச்சா அதுக்கு என்ன பேருன்னு பாருடி" என்றேன். வெகுநேரம் தேடினாள். அதற்குப் பெயரே இல்லையாம்.

இப்போது அந்தச் சொல் எங்கள் தெரு முழுக்கப் புழங்குகிறது. மாடி வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் சபோடாஜ். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டால், எல்லாரும் என் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அவர்களுக்கு விளையாட்டு. அவள் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நடக்கவே இல்லை என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துவிடும்போல் இருக்கிறது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நீங்கள் ஓட்டிய அந்தப் பெரிய மெஷினில் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பட்டன் செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் என்கிற முறையில் உங்கள் அண்ணன் புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். வேறு வழியில்லாமல் நீங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டீர்கள். மெஷினில் இருப்பவர் கத்த வேண்டும், அந்தக் கோடிச் சுவரோரம் மெயின் சுவிட்சடியில் நிற்பவர் அணைக்க வேண்டும். வாயையே பட்டனாக வைத்துப் பிழைத்தீர்கள். அதைக்கூட நீங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறீர்கள். அன்றைக்கு சுவிட்சடியில் நின்றவரை லாரியில் பெட்டி ஏற்ற அனுப்பிவிட்டார்கள். உங்கள் சட்டைக் கையை உருளை இழுத்தது. நீங்கள் கத்தினீர்கள். அணைக்க ஆளில்லை. அவ்வளவு தூரம் ஓடினால் உங்கள் கை இருக்காது என்று தெரிந்து, கையில் இருந்த பெரிய ஸ்பேனரைப் பல்சக்கரத்துக்குள் செருகிவிட்டார் உங்கள் அண்ணன். மெஷின் நொறுங்கி நின்றது. உங்களுக்குச் சட்டையும் கொஞ்சம் தோலும்தான் போனது.

மறுநாளே புதுப் பட்டன் மாட்டிவிட்டார்களாம். போலீஸ் பார்த்தபோது பளபளவென்று இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் கண் மங்கிவிட்டது. சம்பள உயர்வு கேட்டுத் தராத கோபத்தில் பிட்டர் மெஷினை உடைத்தார் என்று கம்பெனி சொல்கிறது. நீங்கள் அந்த நேரம் மெஷினிலேயே இல்லை, டீ குடிக்கப் போயிருந்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பதாக வக்கீல் சொன்னார். நான் நம்பவில்லை. கையெழுத்தைக் காட்டினார். அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

உங்களைத் திட்ட எழுதவில்லை. முதலில் திட்டினேன், வாய் வலிக்கத் திட்டினேன். உங்களையும் பயமுறுத்தியிருப்பார்கள், நீங்களும் குடும்பஸ்தர்தான். ஆனால் வக்கீல் ஒன்று சொன்னார். அந்தச் சொல்லுக்கு உயிரே உள்நோக்கத்தில்தான் இருக்கிறதாம். கெடுக்க வேண்டும் என்று நினைத்துக் கெடுத்தால்தான் அது சபோடாஜ். மெஷின் உடைந்தது நிஜம், உடைத்தது இவர் கைதான், அதையும் இவர் மறுக்கவில்லை. எதற்காக உடைத்தார் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். அது எங்கேயோ தொலைதூரத்தில் உட்கார்ந்துகொண்டு போனை எடுக்காமல் இருக்கிறது.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதி உடம்பாக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பல்சக்கரம் மாத்திட்டாங்களாமா?" தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அது உடைந்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறதாம், தூக்கத்தில் பதறி எழுகிறாராம். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிட்டால்கூட எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நிற்கிற மனுஷன். அவரைப் போய் நாசவேலைக்காரன் என்கிறார்கள். உங்களுக்குக் கடிதம் எழுதினேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனை ஏன்டி இதுல இழுக்கிற? இப்பத்தான் ஒரு நல்ல வேலை கிடைச்சிருக்கு. பொழைச்சுப் போகட்டும் விடு" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம் என்று யாரோ உள்ளே சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில், ஆமாம், கெடுக்கத்தான் செய்தேன் என்று சொல்லப்போகிறாராம். "சொல்லித் தொலைச்சிட்டா சீக்கிரம் வீட்டுக்கு வந்துரலாம்ல" என்கிறார். வீட்டுக்கு வந்து? அந்தப் பெயரோடு வருகிற பிட்டரை எந்த மெஷின் பக்கம் விடுவார்கள்? என் வீட்டுத் தையல் மெஷினைத் தவிர அவர் தொடுவதற்கு என்ன இருக்கும்? வேண்டாம் என்று கெஞ்சினேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் கூட்டிப் போய்விட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை தம்பி.

எனக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன், நீங்கள் வருவீர்கள் என்று தோன்றவில்லை. வந்தால் உங்கள் வேலை போகும், அதுவும் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை அவர் வாயால் அந்தப் பொய்யைச் சொல்வதற்குள், அந்தக் கோர்ட் வாசலில் நீங்கள் வந்து நின்றுவிட மாட்டீர்களா என்று ஒரு பாழாய்ப்போன மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாமே? உங்கள் பழைய வீட்டுக்காரம்மா கடைக்கு வந்தபோது சொன்னார். நிஜமாகச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது, அழுகை பிறகுதான் வந்தது. பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. நோய் நொடி இல்லாமல் வளர்ந்து நூறு வயசு இருக்கட்டும். கழுத்து நிற்கிறவரைக்கும் ஜாக்கிரதை தம்பி, அவசரத்தில் ஒரு கையால் வாரி எடுத்துவிடாதீர்கள். தலைக்கு ஒரு கை, உடம்புக்கு ஒரு கை கொடுத்து, இரண்டு கையாலும் தூக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி