சுண்ணாம்பில்லை மச்சான்

வெற்றிலைப் பைத்தியமே, என் அருமை மச்சானே,

இன்று மத்தியானம் உன் பெண்சாதி, அதுதான் என் தங்கச்சி, நண்டுக்கறி சாப்பிட்டாள். நல்ல உறைப்புக் கறி. காலை உடைத்து உறிஞ்சிவிட்டு, "உப்புக் காணாது அண்ணை" என்றாள். சமைத்தவன் நான். ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்டவன் இந்தத் துறைமுகப் பக்கத்திலேயே நான் ஒருத்தன்தான்.

உனக்கு விளங்காது, சொல்கிறேன். நீ கண்ணை மூடி இரண்டு வருசத்தில் அவளுக்கும் வாயில் வெள்ளை வந்தது. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும், தயிர் ஒட்டினது போல. பல்முரசிலும் இரத்தம். எல்லாம் உனக்கு வந்தது மாதிரியே.

உனக்கு வந்தபோது என்ன சொன்னோம்? சுண்ணாம்பு கூடி வாய் வெந்துவிட்டது என்றோம். நாளுக்குப் பத்துத் தரம் வெற்றிலை போடுகிறவனுக்கு வேறு என்ன வரும்? நான் சும்மா இருந்தேனா. "சுவருக்கு அடிக்கத் தந்த சுண்ணாம்பை உவன் வாய்க்குள்ள அடிச்சுப்போட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு கஞ்சிகூட விழுங்க ஏலாமல் போனது. வெற்றிலையைப் பறித்தோம், தேங்காயெண்ணெய் பூசினோம். அவ்வளவுதான் செய்தோம். அந்தப் பகிடியை நான் பிறகு ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

தங்கச்சிக்கும் "சுண்ணாம்புதான்" என்றார்கள் பக்கத்து வீட்டார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கே இது இடித்தது. அவள் ஒருநாளும் வெற்றிலை தொட்டவள் இல்லையே! உன் வாய் நாற்றத்திலேயே அவளுக்கு அது வெறுத்துப்போனது. பிறகு சுண்ணாம்பு எங்கிருந்து வரும்?

அடுத்த நாளே அவளைக் கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதையில் ஏற்றி அக்கரைக்குக் கடத்தி, செக்பொயின்றில் வரிசையில் நின்று, டவுன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பல் டொக்டரம்மா வாயைப் பார்த்தார். பல்லில் கை வைக்கவில்லை, இரத்தம் சோதிக்க அனுப்பினார். எச்.ஐ.வி. மருந்தில்லாமல் விட்டால் உடம்பின் காவல் விழுந்துபோகுமாம், கனபேருக்கு அது முதலில் வாயில்தான் தெரியுமாம். உனக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். நீ இருக்கும்போதே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். அவர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

தங்கச்சி அழுவாள் என்று பார்த்தேன். கதிரையில் நிமிர்ந்து இருந்து, "அந்த மனுசனோட நான் மேல போய்க் கதைச்சுக்கொள்ளுறன். இப்ப எனக்கு மருந்தைத் தாங்கோ" என்றாள். நீ கொஞ்சம் பயந்துகொண்டே இரு.

முதலில் வாய்க்கு மருந்து தந்தார்கள், வெள்ளை போனது. பிறகு தினமும் குளிசை. நோய் முற்றாகப் போகாதாம். ஆனால் ஒருநாளும் விடாமல் எடுத்தால் நெடுநாள் இருக்கலாமாம். செக்பொயின்றில் ஒரு ஆமிக்காரப் பெடியன் போத்தலைக் குலுக்கி, "என்ன மருந்து?" என்றான். "இவ ஏசுறதுக்குப் பலம் வாற மருந்து தம்பி. நீங்களே வச்சிருந்தா எனக்குப் பெரிய உதவி" என்றேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். அவள்தான் என்னைக் கிள்ளினாள்.

போன மாதம் சண்டையால் துறையில் மிதவைப் பாதை ஓடவில்லை. மூன்று நாள் குளிசைதான் மிச்சம். துறைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். கிண்ணியாத் தோணிக்கார முஸ்லிம் நானா ஒருத்தர், "ஏறுங்க அண்ணன், கேட்டா மீனுக்குப் போறம் எண்டு சொல்லுவம்" என்றார். வலையே இல்லாத தோணி! ஆனாலும் போய் வந்தோம். மூன்றாம் நாள் குளிசை முடிய முன்னம் புதுப் போத்தல் அவள் கையில்.

இதை எல்லாரும் வாசிக்க எழுதச் சொன்னதும் அவள்தான். "பேரைப் போடாதேங்கோ. வாய் வெந்திட்டுதெண்டு எண்ணெய் பூசிக்கொண்டு ஆரும் இருந்தா, அவை வாசிக்கட்டும்."

மச்சான், இது சத்தியம். பாதை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம் அவளைக் கூட்டிப்போவேன். உன்னிடம் அவளை அனுப்ப எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அங்கே தனியாக இருந்து அலுத்தால் சொல்லியனுப்பு, முதலில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியைத் திருப்பித் தர மனமில்லாத அவள் தமையன்