இத்தாலிப் பெயர் போட்ட சைக்கிள்

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் ரெபேக்காவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், தைவானில் நீயும் அதே கிருபையில் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடுகிறது, அதனால் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன், ஆற அமரப் படி.

போன வாரம் நம் வாசலிலேயே ஒரு பையன் சைக்கிளோடு விழுந்தான். பெங்களூரிலிருந்து தனியாக ஓட்டி வந்தவன், பெயர் பிரதாப், கம்ப்யூட்டர் வேலை, அடுத்த மாதம் ஊட்டியில் ரேஸாம். நாய் குறுக்கே ஓடியதில் திருப்பி, சாக்கடைக் கல்லில் மோதிவிட்டான். முழங்கையைக் கழுவிக் கட்டுப்போட்டு உட்கார வைத்தோம். அப்பா அந்தச் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, காலி பிளாஸ்டிக் குடம் மாதிரி கீது" என்றார். அதில் பெரிய எழுத்தில் ஏதோ இத்தாலிப் பெயர். எங்கே செய்தது என்று கேட்டேன். "இத்தாலி, ஆன்ட்டி. அங்க கையாலயே செய்றாங்க" என்றான். என் பெண் தைவானில் தைச்சுங் என்கிற ஊரில் இந்த வேலைதான் செய்கிறாள், ரேஸில் ஓடுகிற பெரிய பெயர்களில் பாதி அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான் செய்யப்படுகின்றன என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவன் மரியாதையாகச் சிரித்து, "அது சாதா சைக்கிளா இருக்கும் ஆன்ட்டி" என்றான். சைக்கிள் வேலை என்று சொல்லக் கூச்சப்பட்டு, நீ ஏரோப்ளேன் பார்ட்ஸ் கம்பெனியில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் உன் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முன் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றியவன், சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளம்புகிறேன் என்றான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, சைக்கிள் பிரேமின் கீழ்க்குழாயில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சப்பாத்திக் கட்டையில் பேப்பரைச் சுற்றிச் சுற்றி, பிரேம் செய்யக் கார்பன் துணியை இப்படித்தான் அடுக்குகிறோம் என்று காட்டினாயே, இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும், இது வளையாது, உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் மேலே பெயிண்ட் நன்றாகவே இருக்கும், ஒருநாள் திடீரென்று உடையும் என்றாயே, அது ஞாபகம் வந்தது. உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனிடம் சொன்னால் "ஏனூ ஆகல்ல ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது" என்கிறான். வேறு வழி தெரியாமல் அந்த முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "ஊரான் பொருள எடுத்து வெச்சிக்கினு இன்னா வெளாட்டு இது" என்றார். "ரயில்ல போறேன்னு சொல்லட்டும், தரேன். அவன் அம்மா இங்க இருந்தா இதத்தான் செய்வா" என்றேன். பையன் முதலில் சிரித்தான், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பசி வந்ததும் கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுச் சரி என்றான். அப்பாவே ஆட்டோ பிடித்து மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒன்றும் இல்லாத சைக்கிளுக்கு இத்தனை கலாட்டா பண்ணிவிட்டேனோ என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

வியாழக்கிழமை பிரதாப் போன் செய்தான். பெங்களூரில் கடைக்காரர் மெஷின் வைத்துப் பார்த்தாராம், அந்தக் கோட்டுக்குப் பின்னால் உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு அடுக்கு பிரிந்திருக்கிறதாம், ஊட்டி இறக்கத்தில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம். நேற்று மறுபடியும் கூப்பிட்டான், கம்பெனி வேறு பிரேம் அனுப்புகிறதாம், பார்சல் எங்கே வருகிறது என்று போனில் பார்த்தால் கிளம்பிய ஊர் தைச்சுங் என்று காட்டுகிறதாம். "அப்போ இத்தாலில இன்னா தான் பண்றாங்க ஆன்ட்டி" என்று என்னைக் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும், நான் உன்னைக் கேட்கிறேன். ஒரு ஊரில் செய்து இன்னொரு ஊரில் பெயிண்ட் அடித்தால் எந்த ஊர்ப் பெயரைப் போடலாம், அதை யார் முடிவு செய்கிறார்கள்? ரேஸில் ஒருவரையொருவர் தோற்கடிக்கிற இரண்டு கம்பெனிக்கும் ஒரே கூரைக்குக் கீழே பிரேம் செய்தால், ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல் நடுவில் சுவர் வைத்திருக்கிறார்களா? டிவியில் ஜெயித்துக் கை தூக்குகிறவனுக்கு உங்களைத் தெரியுமா?

இன்றைக்குக் கோவில் வாசலில் அப்பா பாஸ்டரிடம், "என் பொண்ணு சைக்கிள் கம்பெனில கீது, ரேஸ் சைக்கிள்" என்று தானாகவே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி, என்ன துணி, என்ன பசை, எவ்வளவு சூட்டில் வேக வைப்பார்கள் என்று. தெரிந்தவரை சொன்னேன். அச்சிலிருந்து எடுத்த பிறகு என்ன செய்வார்கள் என்றார், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள் என்றேன். "அப்போ தூசி வருமே" என்றார். தங்கச் சுரங்க மைனிலிருந்து அவர் கொண்டுவந்த இருமல் உனக்குத் தெரியும், அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய ஆர்தர் அண்ணன் கடைசியில் மூச்சுக்குத் தவித்ததும் தெரியும். "நாங்க கீழ எறங்கறப்ப யாரும் கேக்கல. நீ கேட்டு எழுது" என்கிறார். நீ முடிந்த பிரேமைச் சோதிக்கிற செக்கிங் டேபிளில் இருந்தாலும் தேய்க்கிற இடமும் அதே ஹாலா, தூசியை இழுக்கிற மெஷின் ஓடுகிறதா, தேய்க்கிற பெண்களுக்கு நல்ல மாஸ்க் கொடுக்கிறார்களா, துணி மாஸ்க்கா? என் கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொன்னால் போதும், இதற்கு மட்டும் உடனே சொல்லு.

மிளகாய்த்தூளை ஈரக்கை படாமல் டப்பாவில் கொட்டி வை. ஞாயிறு ஆராதனையை விடாதே. போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
பாக்கியவதி

அப்பா பேனாவைக் கேட்கிறார், இதற்குக் கீழே அவர் எழுத்து.

ரெபேக்கா, வாசலில் போனை வாங்கி வைத்தாலும் கேட்டு அனுமதி வாங்கி, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் வேலை செய்கிறவர்களும் அதில் இருக்கட்டும்.
இன்பராஜ்