கிட்டங்கி வளைவில நான் ஒட்டின கண்ணாடி

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

அந்தக் குளிருக்குள்ள நீ நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கிறாய் எண்டு நினைச்சு எழுதுறன். நான் இருக்கிறன், வேலைக்கும் போறன். நாப்பத்திரண்டு வயசுதானே, இன்னும் காலம் கிடக்கு எண்டு வாற ஆக்கள் சொல்லினம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். அம்மாவின்ர அந்தியேட்டி, முப்பத்தொராம் நாள் கிரியை, வாற வெள்ளி காலமை எட்டுக்கு.

வளைவு இடிஞ்சு அம்மாவுக்கு மேல விழுந்த துறைமுக றோட்டுப் பழைய சாமான் கிட்டங்கியை என்ன செய்யிறது எண்டு நேற்று கூட்டம் வைச்சவை. நாப்பது வருசமாப் பூட்டிக் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதின்ர வளைவுக்குள்ளால தானே எல்லாரும் மார்க்கெட்டுக்குக் குறுக்கால போறது. ஒரு கொம்பனி உடைச்சுப்போட்டு ஹோட்டல் கட்டக் கேக்குது. சோமசேகரம் மாஸ்டர் எழும்பி, திருத்தி நூலகமாக்குங்கோ, ஹோட்டல் வந்தா அந்தக் கரைக்கே எங்களை விடமாட்டினம் எண்டார். தேத்தண்ணிக்கடை சரீப் நானா, மாஸ்டர் நீங்க ஒருநாள் அதுக்குக் கீழ படுத்து எழும்பிக் காட்டுங்க, பிறகு நானும் கையெழுத்து வைக்கிறன் எண்டார். சிரிச்ச சனம் என்னைக் கண்டோண நிப்பாட்டிச்சு. அவர் சொல்லட்டும், கட்டடம் பாக்கிற ரெக்னிக்கல் ஒபிசர், மனுசியையும் பறிகுடுத்தவர் எண்டு சரீப் நானாவே சொன்னார். வியாழக்கிழமை சொல்லுறன் எண்டுபோட்டு நான் வெளிக்கிட்டு வந்திட்டன்.

உனக்குத்தான் முதல்ல சொல்லோணும் மகள். போன வருசம் அந்த வளைவின்ர வெடிப்பைப் பாத்து றிப்போட் எழுதினது நான். வெடிப்புக்குக் குறுக்கால சின்னக் கண்ணாடித் துண்டொண்டு ஒட்டிவிடுறது வழக்கம், சுவர் அசைஞ்சாக் கண்ணாடி உடையும். மாசாமாசம் போய்ப் பாத்தன், உடையேல்ல, பயமில்லை எண்டு எழுதினன். அது சுண்ணாம்புச் சுவர், நான் சீமெந்து வைச்சு ஒட்டிப்போட்டன். சீமெந்து அதில பிடிக்காது. ஒரு பக்கம் கழண்டு, சுவர் விலக விலகக் கண்ணாடி சும்மா தொங்கிக்கொண்டு நிண்டிருக்கு. இடிஞ்ச கல்லுக்குள்ள முழுசாக் கிடந்ததை நான்தான் எடுத்தனான். வளைவுக்குள்ளால வரப் பயந்த ஆக்களை, என்ர மனுசன் பாத்தது, வாங்கோ எண்டு அம்மா கூட்டிக்கொண்டு போறவவாம். அம்மாவோட மார்க்கெட்டுக்குப் போற ரிப்கா அக்கா செத்தவீட்டில அழுதழுது சொன்னவ.

உடைச்சா அந்த றிப்போட்டை ஒருத்தரும் தேடமாட்டினம். பழைய கட்டடம், விழுந்திட்டுது எண்டு முடிஞ்சிடும். ஆனா மிச்சச் சுவர் மூண்டும் நல்லாத்தான் நிக்குது, திருத்தலாம். வியாழக்கிழமை முடிவெடுக்கினம். நான் போய் ரெண்டையும் சொல்லப்போறன், என்ர பிழையையும் சுவரையும். அதுக்குப் பிறகு என்ர சொல்லை ஆர் நம்பப்போகினம் எண்டு தெரியேல்ல. வேலை போகும், பொலிசும் வரலாம். செத்தவீட்டுக்கும் வர ஏலாமப் போன பிள்ளை நீ, இதை வேற ஆக்கள் சொல்லிக் கேக்கக்கூடாது, அதுதான் கடிதத்தைப் படமெடுத்து இண்டைக்கே போனில அனுப்புறன்.

ராவில முழிச்சிருந்து படிக்காதை, தலைக்கு எண்ணெய் வை. பத்திரகாளி அம்மாள் உனக்குத் துணையா நிக்கோணும். வெள்ளிக்கிழமை கோல் எடுப்பன், மறக்காமல் எடு. என்னோட கதைக்க விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை, போனைக் கிரியை செய்யிற ஐயருக்குப் பக்கத்தில வைச்சுப்போட்டு நான் தள்ளி நிக்கிறன்.

உன்ர அப்பா,
கிருஷாந்த்