பஞ்சு பட்டாலும் எரிகிற கால்

2003 ஆகஸ்ட் 20, புதன்

முதுகில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாகியும் இடது காலில் எரிச்சல் போகவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் இன்றும் ஸ்கேன் படத்தைத்தான் தூக்கிப் பிடித்தார்.

"டிஸ்க் நல்லா இருக்கும்மா. எல்லாம் மனசுதான். மனநல டாக்டருக்கு எழுதித் தாரேன்."

என் கணவர் சேவியரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"படத்தைப் பாத்தது போதும் சார். காலைத் தொட்டுப் பாருங்க."

வேண்டாவெறுப்பாகப் பஞ்சை எடுத்து இடது பாதத்தில் தடவினார். தீப்பட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டேன். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். சுண்டுவிரல் பக்கம் குத்தியதே தெரியவில்லை. குதிகாலுக்கு மேல் சுத்தியலால் தட்டினார். பாதம் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்து பேசினார்.

"நரம்பே அடிபட்டிருக்கும்மா. ஸ்கேன்ல இது தெரியாது. மருந்துல குறைக்கலாம், முழுசாப் போகும்னு சொல்ல முடியாது."

நாகல் நகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் சேவியர் கேட்டார்: "முழுசாப் போகாதுங்கிறாரு. நீ என்னடான்னா சிரிக்கிற?"

"வலி அம்புட்டையும் தாங்கிக்கிருவேங்க. பொய்க்காரிங்கிற பேரைத்தான் தாங்க முடியல."

சேவியர் முன்னால் குனிந்து, குழி பார்த்து மெதுவாகப் போகும்படி ஆட்டோக்காரரிடம் சொன்னார்.