ஏமஸ் பென்னலின் முதல் மாதம்

அன்புள்ள டேசி,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சபை வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன், அது சூடேறும் வரை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாங்கள் இங்கே ஏதோ இருக்கிறோம், கென்யாவில் உனக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான் என் கவலை. தாத்தாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது, இந்தக் குளிரைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார். வாய் மட்டும் குறையவில்லை. நேற்றுகூட, ஏம்மா லிடியா, அந்த விடுதலைத் தாளை இன்னும் எத்தனை தடவை மோந்து பாப்ப, கல்லு வெட்டுறவன் எனக்கு முந்திப் போயிடப் போறான் என்றார். நம் மூதாதை ஏமஸ் பென்னல், நம் குவேக்கர் சபையாரிலேயே அநேகம் பேர் அடிமை வைத்திருந்த காலத்தில் தன் அடிமை ஃபீபியை விடுவித்தார் என்று பொறித்து இந்த வாசலில் ஒரு கல் வைக்க வேண்டும், அவருக்கு மிச்சமிருக்கும் ஆசை அது ஒன்றுதான்.

கல்லில் தேதி சரியாக இருக்கட்டுமே என்று பழைய பதிவேடுகளைப் புரட்டப் போனேன். விடுதலைத் தாளில் முதல் மாதம் 1749 என்றிருக்கிறது. மாதங்களுக்கு எண் சொல்லியே வளர்ந்த குடும்பம் நம்முடையது, முதல் மாதம் என்றால் ஜனவரி என்று நான்கு தலைமுறையாகப் படித்துவந்தோம். ஏமஸ் காலத்தில் வருடம் மார்ச்சில் பிறந்தது டேசி, அவருடைய முதல் மாதம் மார்ச். கல்லூரியில் சரித்திரம் படித்த எனக்கே இது உறைக்கவில்லை. 1748/49 என்று இரண்டு வருடமும் போட்ட, நம் கணக்கில் 1749 பிப்ரவரியில் ஏமஸ் பென்னல் என்பவர் ஃபீபி என்பவளின் ஆறு வயது மகனை ஒரு கப்பல் தலைவனுக்கு விற்ற பத்திரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறதல்லவா, ஜனவரியில் விடுவித்தவர் பிப்ரவரியில் எப்படி விற்பார், அது வேறு ஏமஸ் என்று தாத்தா சொல்வார், நாமும் நம்பினோம். அது நம் ஏமஸேதான், மகனை விற்றுவிட்டு, அடுத்த மாதம் தாயை விடுவித்திருக்கிறார். பையனின் பெயரைக்கூட எழுதவில்லை.

பால்டிமோரிலிருந்து லொரெய்ன் டில்லரி என்ற அம்மாள், அந்தப் பையன்தான் தங்கள் முன்னோர் என்று இரண்டு வருடம் முன்பு எழுதிக் கேட்டார். நான்தான் ஜனவரிக் கணக்கைச் சொல்லி மரியாதையாக மறுத்து எழுதினேன். போன வாரம் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன், அவர் மகள் எடுத்தாள். அம்மா போன அக்டோபர்லயே போயிட்டாங்க, உங்க லெட்டரைப் பாத்ததுக்கப்புறம் தேடுறதையே விட்டுட்டாங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கப்பலின் பெயர் எங்கும் இல்லை, இனி யார் தேடினாலும் அந்தப் பிள்ளை அகப்படமாட்டான். தாத்தாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். விடுவிச்சாரா இல்லையா, அத மட்டும் சொல்லு என்றார். விடுவித்தார்தான். மகனைப் பற்றிச் சொல்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கொசுவலை இல்லாமல் படுக்காதே. தினமும் மௌன ஜெபத்தில் உட்காரும்போது உன்னைக் கடவுளின் ஒளியில் ஏந்திக்கொள்கிறேன், அது உன்னைக் காக்கட்டும். வருகிற ஞாயிறு அந்தக் கல்லுக்குச் சபை சம்மதம் சொல்ல வேண்டும். நம்மிடம் ஓட்டெடுப்பு இல்லை, ஒருவர் உடன்படவில்லை என்றாலும் காரியம் நின்றுவிடும். மறுபடி பேசி முடிக்கும் வரை தாத்தா இருக்கமாட்டார். ஆனாலும் எழுந்து நின்று, எனக்கு உடன்பாடில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா,
லிடியா