பன்னிரண்டு பாட்டும் உன் வைராக்கியமும்

போன ஞாயிற்றுக்கிழமை கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு வீட்டு ஹாலில் வைத்து என் மானம் போனது. முழுக்க உன்னால்தான் என்று சொல்லிவிடலாம். பதில் சொல்ல நீ இல்லாததால் பாதிப் பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மீனாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. ஆமாம், உன் மடியில் உட்கார்ந்து உன் மூக்குக்கண்ணாடியை உடைத்த அதே மீனாதான். பையன் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் சரோஜாவும் போயிருந்தோம். பையனின் அப்பா பெரிய ஆபீசர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் என்பது நெற்றியில் தெரியாதபடி பட்டையாக விபூதி பூசிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்து ஃபிளாட் ரேடியோவில் நம் பாடகனின் மழைப் பாட்டு வந்தது. கேட்டு எத்தனை வருஷம்! பாட்டு முடிந்தது. ஹாலில் எல்லோரும் காபியை உறிஞ்சுகிற அந்தச் சின்ன அமைதியில் என் வாய் தானாகத் திறந்துகொண்டு அடுத்த பாட்டை எடுத்துவிட்டது. தாளத்தோடு, தொடையில் தட்டி.

அந்த எல்.பி. இசைத்தட்டில் மழைப் பாட்டுக்கு அடுத்து எது என்று உனக்குத் தெரியும். "கொல்லைக் கதவைத் திறந்து வை, உன் அப்பன் தூங்கட்டும், நான் வருகிறேன்" என்று இந்தியில் குழைவானே, அதுதான். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டில் பாடுகிற பாட்டா அது?

ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். "பக்திப் பாட்டுங்களா?" என்றார்.

"ஆமாங்க, இவருக்குப் பஜனைன்னா உயிர்," என்று சொல்லிக்கொண்டே சரோஜா என் விலாவில் கிள்ளினாள். இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது.

நீ உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். "பாத்தியா, அந்த எல்.பி. உன் மூளையைக் கெடுத்து வெச்சிருக்கு" என்று ஆரம்பித்து, பஸ் கார்டன் ரீச் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நிறுத்தியிருக்க மாட்டாய்.

உன்னோடு நான் பட்ட பாட்டை யாரிடம் போய்ச் சொல்வேன்? ரயில்வே ஆபீஸில் நீ டைப்பிஸ்ட், நான் தபால் பிரிக்கிற கிளார்க். டாக்குரியாவில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. நம் தெருவில் முதலில் ரெக்கார்டு பிளேயர் வாங்கியவன் நீ. அந்தப் பாடகன் ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் ஒரு சின்ன பிளேட்டு போடுவான். பக்கத்துக்கு ஒரு பாட்டு. வெளிவருகிற அன்றே கரியாஹாட் கடை வாசலில் போய் நிற்பாய். அவன் சினிமாவில் பாடாதவன் என்பதில் உனக்கு அப்படியொரு பெருமை. அவனுடைய கிருதாவைப் பார்த்து நீயும் கிருதா வைத்தாய். அவனுக்கு அது கிதாருக்குப் பொருத்தமாக இருந்தது. உனக்கு டைப்ரைட்டர்தான் இருந்தது.

ஞாயிறு காலையில் உன் வீட்டில் கூட்டம் சேரும். கீழ்வீட்டு பிஸ்வாஸ் பாபு பனியனோடு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மெஸ்ஸில் தங்கியிருந்த நம் ஊர்ப் பையன்கள் தரையில். உன் மனைவி விசாலம் டீ போட்டுப் போட்டு ஓய்ந்துபோவாள். ஒரு பாட்டு முடிந்ததும் நீ எழுந்துபோய் பிளேட்டைத் துடைத்து, உறையில் போட்டு, அடுத்ததை எடுப்பாய். அதை உடனே வைத்துவிட மாட்டாய். கையில் பிடித்துக்கொண்டு அதை வாங்கின கதையைச் சொல்வாய். பிளேட்டைச் சட்டைக்குள் வைத்து மழையில் ஓடிவந்த கதையை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! முதல் வருஷம் தூறலாக இருந்த மழை, மூன்றாம் வருஷம் இடுப்பளவு வெள்ளமாகியிருந்தது. "போட்டுத் தொலையேன்டா" என்று நான் கத்துவேன். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பாட்டு ஒரு மூன்று நிமிஷம், உன் பேச்சு அதற்கு மேல். அந்தக் கூட்டத்தில் நீ ராஜா. ஆபீஸில் உன்னைத் திட்டாத ஆளில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் ஒரு பூஜைக்கு அந்த எல்.பி. வந்தது. புதிதாக ஒரு பாட்டும் கிடையாது. இதுவரை பாடியதில் ஜனங்களுக்குப் பிடித்த பன்னிரண்டைப் பொறுக்கி ஒரே பிளேட்டில் போட்டிருந்தார்கள். அட்டையில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடையில் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீயும் சிரித்தாய். "வாங்கின பாட்டையே மறுபடி வாங்க எந்தக் கிறுக்கன் வருவான்?"

கல்கத்தாவே வந்தது. கரியாஹாட் கடையில் பூஜைக்கு முன்பே 'ஸ்டாக் இல்லை' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். இரண்டாவது லாட் வந்து அதுவும் தீர்ந்தது. பந்தலுக்குப் பந்தல் அதே வரிசையில் அதே பன்னிரண்டு பாட்டு. சலூனில் அது, சந்தேஷ் விற்கிற மிட்டாய்க் கடையில் அது. விற்ற வேகத்துக்கு அவனைப் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டலுக்குக் கூப்பிட்டுத் தங்கத்தட்டு கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. "அவனுக்குத் தங்கத்தட்டு, நமக்கு அலுமினியத்தட்டு" என்று ஆபீசில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே முணுமுணுத்தாய்.

தவணையில் பிளேயர் கிடைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. முதலில் மெஸ் பையன்கள் வருவது நின்றது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பிளேயரும் அந்த எல்.பி.யும் வாங்கிவிட்டார்கள். பிறகு ஒரு ஞாயிறு, பிஸ்வாஸ் பாபு உன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு வெட்கத்தோடு சிரித்தார். "கினே ஃபேலேச்சி, தாதா" என்றார். நானும் வாங்கிவிட்டேன், அண்ணா. எழுந்து எழுந்து மாற்ற வேண்டியதில்லை, படுத்துக்கொண்டே கேட்கலாம் என்று விளக்கம் வேறு. அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அன்றைக்கு நான் மட்டும்தான் பார்வையாளன். மழைக் கதையை எனக்கு மட்டும் சொன்னாய். அதில் வெள்ளம் வடிந்து வெறும் தூறலாகிவிட்டிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் உன் யுத்தம் ஆரம்பமானது.

"அடுத்த பாட்டு அதுவா வந்துடுதேடா! மனுஷன் எப்படா பேசுறது?"

"பாட்டுக் கேக்குறப்ப எதுக்குடா பேசணும்?"

"பாட்டுக்குப் பாட்டு எழுந்திருக்கணும். அதான் மரியாதை. படுத்துட்டுக் கேக்குறான் அந்த பிஸ்வாஸ். ஆஸ்பத்திரியா அது?"

"விடேன்."

"பின்பக்கத்துப் பாட்டெல்லாம் என்னாவுறது? அதையெல்லாம் பொறுக்காம விட்டுட்டானே. முன்பக்கம் மட்டும் இருக்குற மனுஷன் எங்கயாவது உண்டா?"

கண்டக்டரே திரும்பிப் பார்த்தான். இறங்கும் முன் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். நீ வாங்க மாட்டாய், நானும் வாங்கக் கூடாது. விசாலம் பாவம், எல்லாப் பாட்டும் ஒன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டுக் கேட்டதற்கு, "என் வீட்டு வாசப்படியை அது மிதிக்கக் கூடாது" என்றாயாம். ஏதோ ஓடிப்போன பெண்ணைச் சொல்கிற மாதிரி.

சத்தியத்தை நான் மீறவில்லை. சரோஜாதான் வாங்கினாள். நான் பூஜை போனஸை அவள் கையில் கொடுத்ததோடு சரி. அவளுடைய தம்பி கொடுத்த பழைய பிளேயரை உள்ளறையில் அரிசி டிரம்மின் மேல் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம். குடும்பமே திருடர்கள் மாதிரி.

அந்த ஞாயிறு நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் போன பிறகு உனக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்தன்தான். நானும் கட்சி மாறிவிட்டேன் என்று தெரிந்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவாய், பிறகு வரவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ அப்படிப்பட்ட முரடன்.

"என்னடா சத்தம்?" என்றாய்.

"ரேடியோ," என்றேன்.

நீ உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே, சுவர்ப் பலகையில், பூப்போட்ட உறைக்குள் எங்கள் ரேடியோ இருந்தது. வாயைத் திறக்காமல். வீட்டில் வேறு ரேடியோ கிடையாது. அது உனக்கும் தெரியும், நீதான் கூட வந்து பேரம் பேசி வாங்கித் தந்தாய். நீ தலையை நிமிர்த்தவே இல்லை. காலை ஆட்டிக்கொண்டு கேட்டாய். முதல் பக்கம் முடிந்தது. மீனா உள்ளேயிருந்து கத்தினாள்: "அம்மா! பிளேட்டைத் திருப்பு!"

எனக்கு உயிர் போய்விட்டது. நீ தொண்டையைச் செருமினாய்.

"ஸ்டேஷன்ல கரண்ட் போச்சு போல," என்றாய்.

"ஆமா. லோட் ஷெடிங்," என்றேன்.

நம் இருவர் தலைக்கு மேலும் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் வந்தாய். அதற்கடுத்ததும். "உங்க ரேடியோ தேவலைடா" என்பாய். சரோஜா உன் செருப்புச் சத்தம் கேட்டதுமே "உங்க சிநேகிதர் வந்தாச்சு, ரேடியோவை வைங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போவாள். பாட்டுக்கு நடுவில் வாயைத் திறக்க முடியாத அவஸ்தையை உன் முகத்தில் பார்க்க வேண்டுமே! மழைப் பாட்டு முடிந்ததும் கதையைத் தொடங்குவாய், கொல்லைக் கதவுப் பாட்டு வந்து உன்னை அமுக்கிவிடும். "இந்த ஸ்டேஷன்காரனுக்கு அவசரம்" என்று திட்டுவாய். ஆனால் திங்கள்கிழமை பஸ்ஸில் பழைய குருடி கதவைத் திறடிதான். எல்.பி. வாங்கினவனெல்லாம் துரோகி, அதைப் போட்டவன் கொள்ளைக்காரன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன். உனக்குத் திருச்சிக்கு மாற்றலாகிறவரைக்கும் ஆட்டினேன். கழுத்து வலி எனக்கு இன்னும் போகவில்லை.

ஹௌராவில் வண்டி ஏறும்போதாவது உண்மையைப் பேசுவாய் என்று பார்த்தேன். "அந்த ரேடியோவை வித்துடாதே" என்றாய். அவ்வளவுதான்.

நேற்று விசாலம் வந்திருந்தாள். நீ போனதிலிருந்து அவளைப் பார்க்கவில்லை. தங்கை வீட்டுக்கு வந்தவள் எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். இளைத்திருக்கிறாள். பேச்சு மட்டும் அப்படியே. நீ உட்காருகிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள்.

"இதானா அண்ணா, அந்த ரேடியோ?"

"இதான்மா."

"இதே மாதிரி ஒண்ணு திருச்சியில வாங்கினார். ஞாயித்துக்கிழமையானா காதுகிட்ட வெச்சுட்டு முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாராயணன் வீட்டு ரேடியோ மாதிரி எடுக்கலடீன்னு என்னைத் திட்டுவார். நானா ஸ்டேஷன் வெச்சு நடத்துறேன்?"

கொஞ்சம் சிரித்தாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எல்.பி.க்கு நான் எவ்வளவோ கெஞ்சினேன். மசியலையே மனுஷன். ஊரே வாங்கிச்சு. பிடிச்சா பிடிச்சபடி. கடைசி வரைக்கும் அந்தப் பிளேட்டைக் கையால தொட்டதில்ல அண்ணா, தெரியுமா உங்களுக்கு? அப்படி ஒரு வைராக்கியம்."

குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். தங்கத்தட்டு வாங்கின ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். டீயோடு வந்த சரோஜா அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கப் போவது தெரிந்தது. இந்த முறை கிள்ள வேண்டியது என் பங்கு, எட்டவில்லை. முறைத்தேன்.

"தெரியும்மா. அவன மாதிரி யாரு இருக்கா?" என்றேன்.

இத்தனை வருஷம் கழித்து, நீயே இல்லாதபோதும், உனக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னை என்னதான் செய்வது? அவளைச் சந்து முனை வரை கொண்டுபோய்விட்டு ரிக்‌ஷா ஏற்றினேன். அதுவரை நாக்கு நுனியிலேயே நின்ற ஒன்றை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

தொட்டான், விசாலம். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பக்கம் முடிந்ததும், தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து உள்ளே போய், அதைத் துடைத்துத் திருப்பிப் போட்டது அவன்தான். கையில் பிடித்தபடி மீனாவிடம் அந்த மழைக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவான்.