கோட்டைத் தாண்டி நின்றேன்

நவ. 8, சனி

காலையில் தூறல். மைதானம் இன்னும் ஈரம். மாவட்டத் தடகளப் போட்டி. லென்ஸ் துடைக்கும் துணியை மறந்துவிட்டேன். சட்டை நுனி.

மதியம் பெண்கள் 100 மீ. இறுதி. முதலில் வருபவள் மட்டும் மாநிலப் போட்டிக்கு. முகம் கிடைக்க வேண்டும் என்று, எப்போதும்போல, முடிவுக் கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் நின்றேன். என் பக்கத் தடத்தில் தோவாளை ஊர் அபிநயா. தள்ளி, அந்தப் பக்கம் இனயம் ஊர் ஜெர்லின். இருவரும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. நடுவர்கள் அபிநயா என்றார்கள். ஜெர்லின் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

மாலை படங்களைப் பார்த்தேன். ஓட்டத்தில் நெஞ்சுதான் கணக்கு; ஒன்றில் ஜெர்லினின் நெஞ்சு முன்னால். தெளிவாக. இடுப்புக்கு மேல்தான் எடுத்திருக்கிறேன், கோடு இல்லை. அவளுக்கு அனுப்பினேன். ஏன்?

நவ. 9, ஞாயிறு

வெயில். தலைவலி. ஜெர்லினின் அண்ணன் ஜெனிஷ் போன். என்னோடு கல்லூரியில் படித்தவன்.

"மக்கா, கோயில்ல பூச முடிஞ்சு எல்லாவனும் ஒனக்க படத்தத்தான் நோக்குதான். முடிவ மாத்தணும்னு நாளக் கழிச்சு மனு குடுக்கப் போறோம். இந்தப் படம் போதும்லா?"

போதும் என்றேன். பின்னால் யாரோ: "நடுவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கல!" சிரிப்பு.

படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கினேன்: சாய்வாக எடுத்தது.

நவ. 10, திங்கள்

மைதானம். யாரும் இல்லை. முடிவுக் கோட்டின் மேலேயே, சமமாக, இரண்டு தண்ணீர் பாட்டில்களை வைத்தேன். ஒன்று அபிநயாவின் தடத்தில், ஒன்று ஜெர்லினின் தடத்தில். அன்று நின்ற அதே இடத்தில் நின்று எடுத்தேன். படத்தில் தள்ளியிருந்த, ஜெர்லின் தடத்துப் பாட்டில் முன்னால். மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதுவே.

அப்படியானால் ஜெர்லின் தோற்றாள் என்றா? அதுவும் இல்லை. அவள் முந்தியதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு நான் நின்ற இடத்தினுடையது?

பாட்டில் படத்தை ஜெனிஷுக்கு அனுப்பி விளக்கினேன்.

"ஏலே, பிள்ள ஓடுனதப் பத்திப் பேசுதோம். நீ குப்பிய வச்சு வெளையாடுதியா?"

பால் வாங்க வேண்டும். வாங்கவில்லை.

மாலை ஜெர்லினே கூப்பிட்டாள்.

"குப்பிப் படம் கண்டேன் அண்ணா. வெளங்கிச்சு. படம் கெடக்கட்டும். நீங்க அங்கதான நின்னீங்க? கண்ணால கண்டதச் சொல்லுங்க, ஆரு முன்ன? நீங்க சொன்னா மனு குடுப்பேன். இல்லன்னா விட்டுருவேன்."

பொத்தானை அழுத்தும்போது கேமராவுக்குள் கண்ணாடி மேலே எழும்பும். கேமராவில் வைத்த கண்ணுக்கு அந்த நேரம் இருட்டு. படத்தில் இருக்கும் அந்தக் கணத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

"அண்ணா? கேக்குதா?"